வுட்ஹெட் போட்ட கணக்கு

பாலஸ்தீனத்தைப் பங்குபோட்ட வரைபடங்களில் இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்: 1937இல் பீல் ஆணையம் வரைந்தது, 1947இல் ஐ.நா. ஏற்றது. நடுவில் 1938இல் வந்த வுட்ஹெட் அறிக்கையை யாரும் சீண்டுவதில்லை. கோடு போட்டால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தது அதுதான்.

பிரிட்டன் ஆண்டுவந்த பாலஸ்தீனத்தில் 1936இல் வெடித்த அரபுக் கிளர்ச்சியின் காரணத்தை ஆராய லண்டன் அனுப்பியதுதான் பீல் ஆணையம். கலிலேயாவும் கடலோரச் சமவெளியும் யூதர்களுக்கு. மீதியில் பெரும்பகுதி டிரான்ஸ்ஜோர்டானோடு சேரும். ஜெருசலேமும் அங்கிருந்து யாஃபா வரையிலான பாதையும் பிரிட்டன் வசமே இருக்கும் என்றது. யூதர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் சுமார் 2,25,000 அரபிகள் இருந்தார்கள். அரபிகளுக்கு ஒதுக்கியதில் 1,250 யூதர்கள். கிரீஸும் துருக்கியும் 1923இல் மக்களைப் பரிமாறிக்கொண்டதைக் காட்டி, இங்கும் அப்படியே செய்யலாம், வேறு வழியில்லையென்றால் கட்டாயமாகவும் செய்யலாம் என்று பீல் எழுதினார். கோட்டுக்கு ஏற்ப மக்களை நகர்த்துவதே யோசனை.

கட்டாய இடமாற்றத்துக்கு பிரிட்டிஷ் அரசே உடன்படவில்லை. எல்லையை வகுக்க, இந்திய சிவில் சர்வீசில் பழம் தின்று கொட்டை போட்ட சர் ஜான் வுட்ஹெட் தலைமையில் ஒரு குழு புறப்பட்டது. பீலின் கோட்டைச் சற்றுத் திருத்திப் பார்த்தும், யூத நாட்டின் மக்கள்தொகையில் 49 சதவீதம் அரபிகள். பட்ஜெட்டில் யூத நாட்டுக்கு உபரி. அரபு நாட்டுக்கோ துண்டு விழும். யூத நாட்டைக் கடலோரத் துண்டாகச் சுருக்கியும் கணக்கு நேராகவில்லை. 1938 நவம்பரில் பிரிட்டன் பிரிவினையைக் கைகழுவியது. ஐரோப்பாவில் போர் நெருங்க, அரபு நாடுகளைப் பகைத்துக்கொள்ள முடியாத நிலையும் அதற்குச் சாதகமாயிற்று.

போருக்குப் பின் பிரிட்டன் இந்தச் சிக்கலை ஐ.நா.விடம் ஒப்படைத்தது. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பிரிவினைக்கு ஆதரவாக 33 வாக்குகள், எதிராக 13; இந்தியா எதிர்த்தது. திட்டமிட்ட யூத நாட்டில் சுமார் 5 லட்சம் யூதர்கள், 4 லட்சம் அரபிகள். வுட்ஹெட்டைத் திணறவைத்த அதே சிக்கல். சிறுபான்மையினரின் உரிமைகளைத் தீர்மானத்தில் எழுதிய ஐ.நா., அவற்றைக் காக்கப் படை அனுப்பவில்லை. அமல்படுத்த பிரிட்டனும் மறுத்தது. போர் மூண்டு, 7 லட்சம் அரபிகள் அகதிகளானார்கள்.

பிரிவினைத் திட்டங்களை எடைபோடும்போது யாருக்கு எத்தனை சதவீதம் நிலம் என்றே வாதாடுகிறோம். கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்பவரை யார், எதைக் கொண்டு காப்பார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் வைத்திருக்காத வரைபடம் தீர்வே அல்ல; வெளியேற அவசரப்படும் ஆட்சி, தன் பொறுப்பை அங்கே வாழ்பவர்கள் தலையில் கட்டும் வழி.