நிலம் மட்டும் போதுமா?

கூவம் ஆற்றங்கரையிலுள்ள திருவேற்காட்டிற்கு வருவோர் இன்று காண்பவை வீட்டுமனைகளும் அடுக்கு வீடுகளுமே. ஒரு காலத்தில் இவ்வட்டாரம் நெல் விளைந்த பூமி. வயல் மனையானபோது கிரயப் பணம் நிலத்துக்குடையவர் கைக்குச் சென்றது; கூலிக்கு உழுதவருக்கோ வேலையும் போயிற்று.

நிலமின்மை இங்கே புதிய பிரச்னை அன்று. இவ்வூர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை குறித்து 1891-இல் அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தார். அதன் பயனாக 1892-இல் அம்மக்களுக்கு நிலம் வழங்க உத்தரவு பிறந்தது. இவையே பஞ்சமி நிலங்கள். 10 ஆண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னும் அவ்வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. எனினும் அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்கு மாறிவிட்டது. மீட்கும் போராட்டம் இன்றும் ஓயவில்லை.

சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் காக்கத் தவறியது உண்மையே. ஆனால் ஏர்மாடும் விதையும் கிணறும் இல்லாதவனுக்குப் பட்டா மட்டும் சோறு போடுமா? நெசவாளர் அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தறி இருந்தும் நூலுக்குப் பணமில்லாத துன்பத்தை நீக்கத்தானே நெசவாளர் சங்கங்கள் எழுந்தன?

நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவு நாணயச் சங்கம் தோன்றியது 1904-இல். நிலம் வழங்க உத்தரவாகி 12 ஆண்டுகள் கழித்தே கடனுதவிக்கு வழி பிறந்தது. அவ்வழியும் நிலமுள்ளவருக்கே அகலமாயிற்று. சங்கங்களைப் பரிசோதிக்கையில் நாம் காண்பதென்ன? பயிர்க்கடன் பேரேட்டில் சிட்டா உடையவர் பெயர் இருக்கிறது. வாரத்துக்கு உழுபவர் பெயரைத் தேடவேண்டியுள்ளது. கணக்குச் சரியென்று கையொப்பமிட்டு வந்த நாமும் இக்குறைக்குப் பொறுப்பாளிகளே.

பரிகாரம் இல்லாமலில்லை. நபார்டு வங்கி வகுத்த திட்டத்தின்படி, 4 முதல் 10 குத்தகைதாரர்கள் கூட்டுப் பொறுப்புக் குழுவாக இணைந்து, நில அடமானமின்றி ஒருவருக்கொருவர் பிணைநின்று கடன் பெறலாம். நிர்வாகக் குழுவினர் இதற்குத் தயங்குவானேன்? அடுத்த பொதுப்பேரவையில் அங்கத்தினர்கள் ஒரு கேள்வி எழுப்பவேண்டும்: "நம் ஊரில் நிலமின்றி உழுபவர் எத்தனை பேர்? அவர்களுள் நம் சங்கத்தில் கடன் பெற்றவர் எத்தனை பேர்?"

அவ்விரு எண்களும் நெருங்கி வரும் நாளிலேதான் 'கூட்டுறவே நாட்டுயர்வு' என்னும் சொல் பொருளுடையதாகும்.