நிமலராஜன் எழுதியது எங்கள் வோட்டைப் பற்றி

1994 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் பத்து ஆசனங்களில் ஒன்பது, படையினரோடு சேர்ந்து இயங்கிய ஆயுதக் குழுவான ஈ.பி.டி.பி.க்குப் போயின. அதற்குக் கிடைத்த வாக்குகள் 10,744. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் அங்கே வாக்களிப்பே இல்லை. படையினரின் பிடியில் இருந்த தீவுப்பகுதிச் சனத்தின் வோட்டுத்தான் பெரும்பாலும் முழு மாவட்டத்துக்கும் கணக்கானது. ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் நயினாதீவும் ஆயுதக்காரருக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

தீவுப்பகுதியின் வேலணையில் படிப்பித்த காலத்தில் எனக்கும் தேர்தல் கடமை வந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் வயதான அம்மா ஒருவர் வாக்காளர் அட்டையைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். இடாப்பில் அவர் பெயருக்கு மேலே ஏற்கெனவே கோடு கீறியிருந்தது. “நான் இப்பதானே பிள்ளை வாறன்” என்று இடது கைச் சின்னவிரலை எங்கள் முன்னால் நீட்டினார். அதில் மை இல்லை. வாசலில் நின்ற பெடியள் உள்ளே பார்த்தார்கள். அவர் மறு கதை பேசாமல் திரும்பிப் போனார்.

இப்படிப்பட்ட கள்ள வோட்டுகளைப் பெயர் போட்டு வெளியே சொன்னவர் மயில்வாகனம் நிமலராஜன். பி.பி.சி.க்கும் வீரகேசரிக்கும் சிங்களத்தில் ராவயவுக்கும் செய்தி கொடுத்தவர். 2000 ஒக்டோபர் 10ஆம் திகதித் தேர்தலில் தீவுப்பகுதியில் நடந்த மோசடியை எழுதினார். 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். குண்டும் எறிந்தார்கள். தாயும் தகப்பனும் காயப்பட்டார்கள். அடுத்த வருடம் நவம்பர் 28ஆம் திகதி, பிரசாரத்துக்கு வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரைத் தீவுப்பகுதியின் நாரந்தனையில் வைத்துத் தாக்கியதில் இருவர் இறந்தார்கள். கூட்டமைப்பின் வேட்பாளர் மாவை சேனாதிராசாவும் காயப்பட்டார்.

நாரந்தனை வழக்கில் 2016இல் யாழ். மேல் நீதிமன்றம் மூவருக்கு மரணதண்டனை விதித்தது. நிமலராஜன் வழக்கோ 2021இல் சட்டமா அதிபரின் முடிவோடு கைவிடப்பட்டது. அவரின் கொலை நடந்தது ஊரடங்கு வேளையில், சோதனைச் சாவடிகள் சூழ்ந்த பகுதியில். அதற்குப் பொறுப்பானவர் எவரையும் காணவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இப்படி மூடப்பட்ட கொலையொன்று வேறு நாட்டில் நீதிமன்றம் ஏறியதும் உண்டு. மேற்கு ஆபிரிக்காவில் காம்பியா என்றொரு சின்ன நாடு. அங்கே சனம் வாக்களிப்பது போளையால். வேட்பாளரின் தகரப் பீப்பாவுக்குள் போளையைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும், இரண்டு தரம் போட்டால் வெளியே கேட்டுவிடும். அந்த நாட்டில் ‘த பொயின்ட்’ பத்திரிகை ஆசிரியர் டெய்டா ஹைடாரா 2004 டிசம்பர் 16இல் காரில் வீடு திரும்பும்போது கொல்லப்பட்டார். யஹ்யா ஜம்மேயின் ஆட்சி அதை மூடி மறைத்தது. ஆனால் குடும்பத்தார் விடவில்லை. நாடுகடந்து வாழ்ந்தவர்கள் நடத்திய வானொலியொன்று, கொலைக்குழுவின் சாரதியாக இருந்த பாய் லோவை 2013இல் பேச வைத்துப் பதிந்தது. அந்தக் குரற்பதிவும் ஜெர்மனியில் சாட்சியமாகி, 2023 நவம்பரில் செல்லே நீதிமன்றம் அவருக்கு ஆயுள்தண்டனை கொடுத்தது. இதற்கிடையில், 2019 தொடக்கம், உண்மை ஆணைக்குழுவின் விசாரணையைக் காம்பியச் சனம் வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தது.

எங்களுக்கும் ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. 2022 பெப்ரவரியில் பிரித்தானியப் பொலிசார் நிமலராஜன் கொலை தொடர்பில் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தார்கள். வெளிநாட்டு நீதிமன்றத்துக்கும் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிகள் சரவணையிலும் புங்குடுதீவிலும் இலண்டனிலும் முதுமையோடு இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு ஒக்டோபரும் நிமலராஜனுக்கு விளக்கேற்றும் ஊடகத் தோழர்களை நான் மதிக்கிறேன். அத்தோடு நிற்காதீர்கள். மனித உரிமை அமைப்புகள் கொழும்பு விடுதிகளில் நடத்தும் பட்டறைகளைக் குறைத்து, பண்ணைப் பாலம் தாண்டி வாருங்கள். எங்களிடம் வாக்குமூலம் எடுங்கள், சத்தியக் கடதாசியாக எழுதுங்கள். படையினர், துணைக் குழுக்கள், புலிகள் என்று ஆள் பார்த்து எழுதவேண்டாம். யாழ். பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திரணகமவும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஆள் பார்க்காமல்தான் எழுதினார்கள். 1989இல் ராஜினியைக் கொன்ற பிறகும் அந்த ஆசிரியர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை.

சட்டமா அதிபர் நிமலராஜன் வழக்கை மீண்டும் திறக்கவேண்டும். கண்டதைச் சொல்ல என்னைப் போன்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம். கேட்க வாருங்கள்.