புகைக்குத் தண்டப்பணம் அடுப்பூதுகிறவளுக்கா?

எங்கள் ஊர் கல்முனை. வேலை மலையில், தோட்டப் பாடசாலையில். போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது மஃரிபுக்குப் பிறகு ஒழுங்கையெல்லாம் புகை. சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு குசினியில் பொச்சைப் பற்றவைத்தால் அடுத்த வீட்டுத் தொட்டிலில் பிள்ளை இருமும். விறகடுப்புக்கு மாநகர சபை ஒரு விதி போட வேண்டும், மீறினால் தண்டப்பணம் அறவிட வேண்டும் என்று தேநீர்க் கடையில் ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இரண்டு காஸ் சிலிண்டர் இருக்கிறது.

தோழர்களே, விதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. புகை கொல்கிறது. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்ணுக்கு ஏன் இந்த இழுப்பு, ஏன் இந்த நெஞ்சுவலி என்று கேட்கிறோமே, பாதிப் பதில் அடுப்படியில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் கொப்பியைத் திறந்தாலே புகை வாசம் வரும். கரையோரத்துப் பிள்ளையின் கொப்பியும் அப்படித்தான்.

ஆனால் விறகை யார் விரும்பி எரிக்கிறார்கள்? 2021 ஒக்டோபருக்கு முன்பு 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அப்போது நம்முடைய நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் கொழுந்து! அந்த விலைக்கும் கிடைக்காமல் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு இரவெல்லாம் வரிசையில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. அதற்குக் கொஞ்சம் முன்னே சிலிண்டர்கள் வெடித்த கதையும் உண்டு. கல்முனையில் மீன்பிடிகாரரும் நெசவுகாரரும் தென்னை மட்டைக்கும் சிரட்டைக்கும் திரும்பினார்கள். தோட்டத்தில் நாம் மிலாறை விட்டதே இல்லை. ஆறு நாள் மலையேறிய பெண் ஞாயிற்றுக்கிழமையும் தலையில் விறகுக் கட்டோடு ஏறுகிறாள். அவளிடம் தண்டப்பணச் சீட்டை நீட்டினால் அடுப்பு மாறாது. கடன்தான் ஏறும்.

வெளிநாட்டில் விதி இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. 1952 டிசம்பரில் லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956இல் பிரித்தானியா சுத்தமான காற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புகைக்கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த இடத்தில், பழைய அடுப்பை மாற்றும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தது. கனடாவின் மொன்றியல் நகரம் 2018இல் புகை கக்கும் விறகடுப்பைத் தடுத்தது. அங்கேகூட மின்சாரம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் எரிக்கலாம். அவர்களுக்கு அடுப்பு குளிருக்கு, நமக்குச் சோற்றுக்கு. தடையை மட்டும் பார்த்து எழுதுகிறவர்களுக்கு அந்தப் பத்தில் ஏழு பங்கு ஏன் கண்ணில் படுவதில்லை?

விதி போடுவதென்றால் மேலேயிருந்து போடுங்கள். கல்முனைக் கரையில் அரிசி ஆலைக்கும் விறகில் பாண் சுடும் பேக்கரிக்கும் முதலில் போடுங்கள். அதற்குப் பிறகு வீட்டுக் குசினிக்கு வாருங்கள், வரும்போது நல்ல அடுப்பும் புகைபோக்கியும் கொண்டு வாருங்கள். தோட்டத்தில் விதி கம்பனியின் மேல் விழ வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையிலும் விறகுதான் எரிகிறது. அங்கே கொழுந்துக்குப் புகை படக் கூடாதென்று உயரமாகப் புகைபோக்கி வைத்திருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சமைக்கிற மனுசிக்கு ஓட்டில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. லயம் யாருடைய சொத்தோ, புகைபோக்கி அவருடைய கடமை. பிரதேச சபைகளும் இனிச் சாக்குச் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்கத் தடையாக இருந்தது உண்மை. 2018இல் அது திருத்தப்பட்டாயிற்று.

களிமண்ணில் செய்த அனகி அடுப்பு இருக்கிறது, இரண்டு பானை வைக்கலாம், விறகும் குறைவாக எடுக்கும். நல்லதுதான். ஆனால் அதைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். புகை வெளியே போக வழி இல்லாத இடத்தில் எந்த விறகடுப்பும் பாதிப் பரிகாரம்தான். ஒன்றை மட்டும் யாரும் சொல்லாமலே நாமே நிறுத்த வேண்டும்: சொப்பிங் பேக்கைப் போட்டு அடுப்புப் பற்றவைப்பது. அந்தப் புகை விறகுப் புகையைவிடக் கொடியது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நமது கிளையின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் உண்டு, கூரைத் தகரம் உண்டு, குசினி ஒரு தடவையும் ஏறவில்லை. சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பட்டியல் எழுதியது நாங்கள், ஆண்கள். வீட்டில் ஊதாங்குழலைத் தொடாதவர்களுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குசினியின் நீளம், அகலம், ஜன்னல் உண்டா, புகைபோக்கி உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள்களைச் சேர்த்துத்தான் துரையிடமும் பிரதேச சபையிடமும் போகப் போகிறோம். எழுத வராதவர்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு அளவெடுக்கச் சொல்லிக் கொடுத்தாயிற்று.