சர்க்கரை செய்வது யார்?

“சர்க்கரை எங்கே தயாராகிறது?” என்று கேட்டால், விக்கிரவாண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் நாம் தயங்காமல் “முண்டியம்பாக்கம் ஆலையில்” என்போம். அது சரியான விடையன்று என்பதே என் கருத்து.

ஆலை கரும்பைப் பிழிந்து, சாற்றிலுள்ள சர்க்கரையைப் பிரித்தெடுக்கிறது, அவ்வளவே. சர்க்கரையைச் செய்வது கரும்பின் தோகை. வேர் உறிஞ்சிய நீரையும், இலைத்துளை வழியே நுழைந்த கரியமில வாயுவையும், பச்சையம் சூரிய ஒளியின் துணையால் உணவாக்குகிறது. பிராணவாயு வெளியேறுகிறது. அவ்வுணவில் ஒரு பகுதியைச் செடி இரவும் பகலும் சுவாசித்துச் செலவழிக்கிறது. ஒரு பகுதியால் புதுத் தோகையும் வேரும் வளர்க்கிறது. மிஞ்சியதையே தண்டில் சேர்த்து வைக்கிறது. நாம் காபியில் கலப்பது கரும்பின் சேமிப்பு! வெட்டிய கரும்பு வெயிலில் காத்துக் கிடந்தால் அச்சேமிப்பு கரையும். ஆலை வாசலில் வண்டி நிற்க நிற்க உழவர் மனம் பதைப்பது இதனால்தான்.

தோழியரே, இந்தத் தோகை உலக அறிஞர்களுக்கே பாடம் சொல்லியிருக்கிறது. பல செடிகளில் ஒளிச்சேர்க்கையின் முதல் விளைபொருள் மூன்று கரி அணுக்கள் கொண்டது. கரும்பிலோ முதலில் நான்கு கரி அணுக்கள் கொண்ட அமிலங்கள் உண்டாகின்றன என்று 1965-ல் ஹவாய்த் தீவில் கோர்ட்சாக், ஹார்ட், பர் ஆகிய மூவர் வெளியிட்டனர். அவர்களுள் கான்ஸ்டன்ஸ் ஹார்ட் ஒரு பெண்மணி. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் ஹாட்சும் ஸ்லாக்கும் அவ்வழியை மேலும் விளக்கினர். கடும் வெயிலிலும் கரும்பு செழிப்பதன் இரகசியம் இதுவே. சோளமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நம் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் கரும்பை ஆராய்ந்து கலப்பினங்கள் உருவாக்கியவரும் ஒரு பெண்மணியே: தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள்.

நாமோ ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, கரும்புக் கொல்லையைத் திரும்பிப் பாராமல் பள்ளிக்கு வருகிறோம். “அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டபோது, “விவசாயம்” என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தவள் நான். எந்த மாதத்தில் நீர் பாய்ச்ச வேண்டும், எப்போது நிறுத்தினால் சாறு இனிக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அது ஏன் என்று எனக்குப் புத்தகம் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் நிறைவு பெறும்.

ஆகவே ஆசிரியைகளுக்கு ஒரு விண்ணப்பம்: ஆண்டுக்கு ஒரு முறையேனும் இப்பாடத்தை வயல் வரப்பில் நடத்துங்கள். பெற்றோர்களே, உங்கள் அனுபவத்தை எங்களுக்குச் சொல்லுங்கள். இனி யாரேனும் கேட்டால் நான் உரக்கச் சொல்வேன்: “சர்க்கரையைச் செய்வது தோகை, அந்தத் தோகையை வளர்ப்பவர் என் அப்பா!”