பள்ளத்தை மூடும் முன் வந்து பாருங்கள்

சென்னையில் கழிவுநீர் வீட்டிணைப்பு வேலை செய்யும் பிளம்பர்கள், சிறு ஒப்பந்ததாரர்கள், மேஸ்திரிகள், பள்ளம் தோண்டும் தொழிலாளர்கள் ஆகியோரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, சென்னைக் குடிநீர் வாரியம், பெருநகர சென்னை மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை

வீட்டின் கடைசி சேம்பரிலிருந்து தெரு மேன்ஹோல் வரை போகும் சில அடிக் குழாய்தான் எங்கள் பிழைப்பு. அதைப் பதிக்கப் பெரும்பாலும் ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளைப் பெறுவதற்குத்தான் வாரக்கணக்கில் அலைகிறோம். சொத்து வரி ரசீது, பத்திர நகல், வரைபட அனுமதி எல்லாம் வீட்டுக்காரரிடம் வாங்கி மனுப் போட வேண்டும். எந்த மேன்ஹோலில் சேர்ப்பது, எத்தனை அடி ஆழம், எவ்வளவு கட்டணம் என்பதைப் பொறியாளர் இடம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு சாலையை வெட்ட அனுமதி. உட்தெரு என்றால் மாநகராட்சி. நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அங்கே தனி மனு. நெரிசலான இடமென்றால் போக்குவரத்துக் காவல் துறையின் சம்மதமும் தேவை.

இவற்றில் எதையும் நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மின்கேபிள் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் கடப்பாரை போட்டால் உயிர் போகும். அனுமதிகள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் வருவதே எங்கள் குறை. ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்றின் கெடு முடிந்துவிடும். இரண்டும் கூடி வரும்போது பருவமழைக்காகச் சாலை வெட்டுக்குத் தடை வந்திருக்கும். ஆகவே கேட்கிறோம்.

1. ஒரு வீட்டுக்கு ஒரே மனு, ஒரே எண். வாரியம், மாநகராட்சி, நெடுஞ்சாலை, காவல் துறை நான்கும் அந்த ஓர் எண்ணின் கீழேயே பதில் எழுதட்டும். இணைப்பு அனுமதியும் சாலை வெட்டு அனுமதியும் ஒரே தேதியில் தொடங்கி ஒரே தேதியில் முடியட்டும். மழைக்காலத் தடையால் வேலை நின்றால், புதிதாகக் கட்டணம் கேட்காமல் அனுமதியின் காலம் தானாக நீளட்டும். சேவைகளுக்கு நாள் கெடு வைத்து, கெடு தவறினால் அலுவலரைப் பொறுப்பாக்கும் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010இலேயே கொண்டுவந்தது; கர்நாடகத்தில் ‘சகாலா’ என்ற பெயரில் அதே ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் கழிவுநீர் இணைப்புக்கும் அத்தகைய சட்டக் காப்பு வேண்டும்.

2. பள்ளம் திறந்திருக்கும்போதே ஆய்வு. இந்தச் சாசனத்தில் நாங்கள் அழுத்திக் கேட்பது இதைத்தான்.

மண்ணைத் தள்ளி மூடிய பிறகு குழாயின் வாட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது. நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி இறக்கம் என்பது தொழில் கணக்கு. அது குறைந்தால் கசடு தங்கும், அடைப்பு வரும், கழிவுநீர் வீட்டுக்குள்ளேயே ஏறும். மூட்டு சரியாக ஒட்டாவிட்டால் கேடு இன்னும் பெரிது. கசிந்த கழிவுநீர் மண்ணில் ஊறி, பக்கத்தில் கிடக்கும் குடிநீர்க் குழாயின் விரிசலைத் தேடிப் போகும். குடிநீர் நின்று அழுத்தம் இறங்கும் நேரத்தில் அது உள்ளே இழுக்கப்படும். அதைக் குடிக்கப்போவது அந்தத் தெருக் குழந்தைகள்.

சோதனை கடினமானதல்ல. குழாயின் ஒரு முனையில் விளக்கைக் காட்டி, மறுமுனையில் கண்ணாடி பிடித்தால், குழாய் நேராகக் கிடக்கிறதா என்பது வெளிச்சத்தின் வட்டத்திலேயே தெரியும். கீழ் முனையை அடைத்து நீர் நிரப்பினால் மட்டம் இறங்குகிறதா என்று மூட்டின் தரம் தெரியும். ரசமட்டம் வைத்தால் வாட்டம் தெரியும். ஆனால் ஆய்வாளர் எப்போது வருவார் என்று தெரியாமல் தெருவில் பள்ளத்தைத் திறந்து வைத்திருக்க முடியாது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மணல் சரிகிறது; இருட்டில் இருசக்கர வாகனம் விழுகிறது. காத்திருந்து பார்த்துவிட்டு மூடிவிடச் சொல்வார் வீட்டுக்காரர். பிறகு நடக்கும் ஆய்வு காகிதத்தில் மட்டும்தான்.

எனவே முதல் நாள் மாலைக்குள் நாங்கள் பதிவு செய்தால், மறுநாள் ஆய்வாளர் வரும் இரண்டு மணி நேரத்தைக் குறித்துத் தாருங்கள். அந்த நேரத்துக்குள் வர இயலாவிட்டால், அளவுநாடா தெரியும்படி நாங்கள் எடுத்து அனுப்பும் படத்தையும் காணொளியையும் ஏற்றுத் தற்காலிக அனுமதி கொடுங்கள். பின்னர் கேமரா விட்டுச் சரிபாருங்கள். பார்த்தவர் பெயர், நேரம், கையெழுத்து கொண்ட தாளின் நகல் வீட்டுக்காரர் கைக்குப் போகட்டும். வாரியத்தின் ‘அழைத்தால் இணைப்பு’ திட்டத்தில் மனுவை வாங்க வீடு தேடி வர முடிகிறது. பள்ளத்தைப் பார்க்கவும் அதேபோல வர முடியும்.

3. இணைப்புக்காக எவரும் மேன்ஹோலுக்குள் இறங்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி ஆளை இறக்கிக் கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றமாக்கியது. அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் சட்டம் பேசுவது சுத்தம் செய்வதைப் பற்றி. புதுக் குழாயைச் சேர்க்க மேன்ஹோல் சுவரை உடைத்து உட்புறம் பூசுவதற்காக ஒருவரை இறக்கினால், அது எந்தக் கணக்கில் வரும்? அங்கேயும் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். அடர்த்தி கூடும்போது மூக்கின் மோப்ப உணர்வையே அது மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நம்பித்தான் ஆள் விழுகிறார். அவரைத் தூக்கப் போன அடுத்தவரும் விழுகிறார்.

வெளிப்புறமாகத் தோண்டி, கோர் கட்டிங் இயந்திரத்தால் துளையிட்டு, வெளியிலிருந்தே மூட்டை அடைக்கும் முறையை அனுமதித் தாளிலேயே நிபந்தனையாக எழுதுங்கள். இந்த இயந்திரம் எங்களில் பலருக்கு வாங்க இயலாத விலை. வாரியத்தின் ஒவ்வொரு பணிமனையிலும் அதையும் வாயு அளக்கும் கருவியையும் குறைந்த வாடகைக்கு வைத்திருங்கள். இந்த வேலைக்கு ஆள் இறங்கும் வழக்கம் எந்தச் சாதியினரின் தோளில் சுமத்தப்பட்டது என்பது ஊரறிந்தது. இனி அது எவர் தோளிலும் வேண்டாம்.

4. கட்டணமும் சாலைச் சீரமைப்புச் செலவும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதைத் தமிழில், ஒவ்வொரு பணிமனை வாசலிலும் எழுதி வையுங்கள்.

5. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை பிறகுதான் வந்தது; சில இடங்களில் இன்னும் பணி நடக்கிறது. இணைப்புக் கிடைக்காத வீட்டுக் கழிவு மழைநீர் வடிகாலுக்குள் போய், கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் சேர்கிறது. திருட்டு இணைப்பைத் துண்டிக்கும் அன்றே முறையான இணைப்புக்கான மனுவையும் அந்த வீட்டில் வாங்குங்கள். ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது மக்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டித் தங்கள் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குத் துணை நின்றார்கள். முறை தெளிவாக இருந்தால் மக்கள் பணம் கட்டுவார்கள்.

எங்கள் தரப்பில்: அனுமதி எண் எழுதிய பலகையும் தடுப்பும் இல்லாமல் பள்ளம் தோண்ட மாட்டோம். ஆய்வுத் தாள் இல்லாமல் இறுதிக் கூலி கேட்க மாட்டோம். மேன்ஹோலுக்குள் எந்தத் தொழிலாளியையும் இறக்க மாட்டோம்; இறங்கச் சொல்பவர் யாராயினும் அவர் பெயரை எழுதித் தருவோம்.

இக்கோரிக்கைகளுக்கு, அடுத்த பருவமழைத் தடை தொடங்கும் முன், துறைவாரியாக எழுத்தில் பதில் வேண்டுகிறோம்.