சல்யூட் அடித்தால் மதிப்பு குறையுமா?

அன்பு சகோதரிக்கு,
என் வயது 34. கணவர் வயது 38. ராணுவத்தில் 17 ஆண்டுகள் பணிபுரிந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது. போலீசில் சேர ஆசைப்படுகிறார். ஆனால், மீண்டும் கான்ஸ்டபிளாக ஆரம்பித்து, வயதில் இளையவருக்கு சல்யூட் அடிப்பதா என்று, இரவில் தூங்காமல் தவிக்கிறார். எப்படித் தேற்றுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

அன்பு தங்கைக்கு,
ராணுவத்தில், இளம் லெப்டினன்டுக்கு நரைத்த சுபேதார் சல்யூட் அடிப்பதை, அவர் தினமும் பார்த்தவர்தானே! அதை நினைவுபடுத்துங்கள்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், முன்னாள் படைவீரர்களுக்கு 5 சதவீத இட ஒதுக்கீடும், வயது சலுகையும் உண்டு. ஆனால், எழுத்துத் தேர்வு எழுதியே ஆக வேண்டும். தமிழ் தகுதித் தேர்வில் 40 சதவீதம் வாங்காவிட்டால், அடுத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். இத்தனை வருடம் இந்தியிலேயே பேசிப் பழகியவருக்கு, பத்தாம் வகுப்பு தமிழ் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள்.

அவர் யோசிக்க வேண்டியது வேறு. எல்லையில் எதிரே நின்றவன் எதிரி. ஸ்டேஷனில் எதிரே நிற்பவர் நம் ஊர்க்காரர். கைது செய்தாலும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்தப் பொறுமை வருமா?

உங்களுக்கும் ஒரு கேள்வி. தீபாவளி, பொங்கலுக்கு மீண்டும் அவர் வீட்டில் இருக்க மாட்டார். சம்மதமா?

இருவரும் மனம்விட்டுப் பேசிய பின், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். நல்லதே நடக்கும்.