நெடுநேரம் கேட்பதற்கு ஏற்ற ஹெட்போன்

முழுக் கச்சேரியையும் ஹெட்போனில் கேட்க விழையும் அன்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

புறம் திறந்த வகையில் காற்று புகுவதால் காது புழுங்காது. இசையும் விரிந்து ஒலிக்கும். 1968இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 414 இவ்வகைக்கு முன்னோடி. ஆயினும் ஒலி வெளியே கசியும். ஓரறைக் குவார்ட்டர்ஸில் குழந்தைகள் உறங்குகையில் மூடிய வகையே தகும். இடையிடையே கழற்றிக் காதுக்கு ஓய்வளிக்க வேண்டும்.

கடையில் ஐந்து நிமிடம் கேட்டு முடிவு செய்யலாகாது. அரை மணியேனும் அணிந்து, உச்சந்தலையும் காதுமடலும் நோகின்றனவா எனப் பார்க்க வேண்டும். முதலில் மயக்கும் கூரிய ஒலி, நேரம் செல்லச் செல்லச் சலிப்பூட்டும்.

பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி, 80 டெசிபல். பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு கூறுகிறது. ஊர் விட்டு வந்த நமக்கு இசை உற்ற துணை. செவி கெட்டால் மாற்றில்லை, காத்துக்கொண்டே கேட்போமாக.